‘அன்ஸ்டூடியஸ்’: ஒரு பெயரடையும் சில கவிஞர்களும்

ஏ.ஈ. ஹௌஸ்மன் பற்றி ஆங்கிலத்தில் வந்த ஒரு சிறு குறிப்பை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய ஆக்ஸ்ஃபோர்டு நாட்களைச் சொல்லும் வாக்கியத்தில் ‘அன்ஸ்டூடியஸ்’ என்ற பெயரடை இருந்தது. கை போன போக்கில் ‘படிக்காத மாணவர்’ என்று எழுதினேன். பிரதியைப் பார்த்த நண்பர் அந்த இடத்தைச் சுழித்து, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுத் திருப்பியனுப்பினார். ‘படிப்பில் நாட்டமில்லாத’ என்று திருத்தினேன். மறுபடியும் கேள்விக்குறி. ‘சோம்பேறி’ என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே பொறுக்கவில்லை. ஹௌஸ்மன் விஷயத்தில் மூன்றுமே பொய். மூல வாக்கியமே பொய்தானோ என்ற சந்தேகம் அதற்கப்புறம்தான் வந்தது.

வாசிக்கிறவன் ஒரு சொல்லைத் தாண்டிப் போய்விடலாம். மொழிபெயர்க்கிறவனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. அதன் முன்னால் உட்கார்ந்தே ஆகவேண்டும். அப்படி உட்கார்ந்திருந்த சில நாட்களில் தோன்றியவை இவை. ஆங்கில வகுப்புக்குப் பயன்படும் என்று எழுதவில்லை. கவிஞர்களைப் பற்றி நாம் வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டிருக்கும் இரண்டு விஷயங்கள் இந்தச் சொல்லின் இரண்டு பக்கங்களிலும் ஒட்டிக்கொண்டிருப்பதாகப் பட்டது. அதனால் எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் இது அதிகம் புழங்காத சொல். படிக்காத பையனை அங்கேயும் ‘லேஸி’ என்றோ ‘ஐடில்’ என்றோதான் திட்டுவார்கள். இவற்றை விட்டுவிட்டு ஒருவர் ‘அன்ஸ்டூடியஸ்’ என்று எழுதினால் அவர் மரியாதை காட்டுகிறார் என்று அர்த்தம். முட்டாள்தனம் என்று சொல்ல வாய் வராதபோது ‘அன்வைஸ்’ என்பார்கள். அதே வகை மரியாதை. வசவை வசவாகச் சொல்லாமல், ஒரு நற்குணத்தின் பெயரை எடுத்து அதன் முன்னால் ஓர் இன்மையைச் சேர்த்துவிடுவது. வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்களுக்கும் பள்ளி அறிக்கை எழுதும் ஆசிரியர்களுக்கும் ரொம்பத் தோதான உபாயம். பையனின் தகப்பனார் படித்தாலும் முகம் சுளிக்கமாட்டார்.

இந்த மரியாதைக்கு ஒரு நிபந்தனை உண்டு. வரவு இல்லை என்று எழுதுவதற்கு முதலில் ஒருவன் பெயரில் பேரேடு திறந்திருக்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கிராமத்துக் கொல்லன் ஒருவனை ‘அன்ஸ்டூடியஸ்’ என்று சொல்ல யாருக்கும் தோன்றாது. அவனுக்கு ‘அன்லெட்டர்ட்’ உண்டு, ‘இக்னரன்ட்’ உண்டு. படிப்பு கைக்கெட்டியும் கொள்ளாதவனுக்குத்தான் ‘அன்ஸ்டூடியஸ்’. படிப்பு கிடைக்காதவனுக்கு அந்தச் சொல்லும் கிடைப்பதில்லை. அகராதி இதைச் சொல்லாது. படிப்பில் ஊக்கமற்ற என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். யார் யாரை எப்போது இப்படிச் சொல்கிறார்கள் என்பது அகராதியின் வேலை இல்லை என்று விட்டுவிடலாம். விமர்சகனின் வேலை அதுதான்.

சொல்லின் வேர் வேறொரு கதை சொல்கிறது. லத்தீன் ‘ஸ்டூடியம்’ என்பதற்குப் படிப்பு என்பது முதல் அர்த்தமில்லை. முனைப்பு, ஈடுபாடு, ஒன்றின்பால் சாய்வு, பக்ஷபாதம் வரைக்கும் அது நீளும். டாஸிடஸ் தன் ‘அனல்ஸ்’ நூலின் ஆரம்பத்தில் கோபமும் ஸ்டூடியமும் இல்லாமல் எழுதப்போவதாக வாக்களிக்கிறான். அங்கே அவன் ஒதுக்கிவைப்பது படிப்பை அல்ல, கட்சி கட்டுவதை. மத்திய காலத்தில் பல்கலைக்கழகத்துக்கே ‘ஸ்டூடியம் ஜெனராலே’ என்று பெயராயிற்று. ஒரு மன வேகம் கட்டடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. அப்புறம் ரோலான் பார்த், புகைப்படம் பற்றி 1980-இல் வந்த தன் கடைசிப் புத்தகத்தில், இந்தச் சொல்லைத் தூசி தட்டி எடுத்தார். ஒரு படத்தை நாகரிகமான, பழகிப்போன, பொதுவான அக்கறையோடு பார்க்கிறோமே, அது ஸ்டூடியம். படத்திலிருந்து எதிர்பாராமல் வந்து குத்துவது வேறு ஒன்று, அதற்குப் பெயர் ‘புங்க்டம்’. டாஸிடஸிடம் கையைச் சுட்ட சொல் பார்த்திடம் வெதுவெதுப்பாகிவிட்டது. இடையில் பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் போயிருக்கின்றன, பெரும்பகுதியும் பள்ளிக்கூடத்தில். (‘ஸ்கூல்’ என்ற சொல்லே கிரேக்கத்தில் ஓய்வைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ஓய்வுள்ளவன் படித்தான். இது சிரிப்பதற்கான விஷயமில்லை.)

வேரின்படி பார்த்தால் ‘அன்ஸ்டூடியஸ்’ என்பவன் எதிலும் மனம் பற்றாதவன். எந்தக் கவிஞனைப் பற்றியும் இதைச் சொல்ல முடியாது. மனம் எதையாவது பற்றாமல் ஒரு வரியும் வராது. ஆனால் இன்று அந்தச் சொல் சுமத்தும் குற்றம் அது இல்லை. வைத்த பாடத்தில் மனம் பற்றாதவன் என்பதுதான் குற்றம். பாடம் வைத்தது யார் என்பதை அந்தச் சொல் தனக்குள் மறைத்துக்கொண்டுவிடுகிறது.

இதன் உடன்பிறப்பு ஒன்று இருக்கிறது: ‘அன்ஸ்டடீட்’. இதுவும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஆனால் இது பாராட்டு. ஒரு பெண்ணின் நடையை, ஒருவரின் பேச்சை, ஒரு கவிதையின் ஓட்டத்தை ‘அன்ஸ்டடீட்’ என்றால் முன்யோசனை தெரியாத, பிரயத்தனம் தென்படாத இயல்பு என்று அர்த்தம். இன்மை நீங்கிய ‘ஸ்டடீட்’ என்பதோ வசை. திட்டமிட்ட அவமானத்தை ‘ஸ்டடீட் இன்ஸல்ட்’ என்பார்கள். ஆக ஒரே வேரில் நான்கு சொற்கள். படிப்பாளி என்றால் நல்லது. படித்துச் செய்தது என்றால் கெட்டது. படிக்காதவன் கெட்டவன், படிக்காமல் செய்தது நல்லது. அதாவது ஆங்கில ரசனைக்கு மனிதன் படித்தவனாக இருக்க வேண்டும், காரியத்தில் படிப்பு தெரியக்கூடாது. 1528-இல் காஸ்டிலியோனே ‘அரசவையாளன்’ என்ற புத்தகத்தில் இந்தப் பிரயத்தனமின்மைக்கு ‘ஸ்ப்ரெட்ஸடூரா’ என்று பெயர் வைத்தான். தாமஸ் ஹோபி 1561-இல் அதை ஆங்கிலமாக்கிக் கொடுத்தான். கஷ்டப்பட்டுக் கற்ற பின் கஷ்டத்தை ஒளிக்கும் வித்தை அது. பிரபுக்களுக்கான வித்தை. ஒளிக்க வேண்டுமானால் முதலில் கற்க வசதி வேண்டும்.

நம் சிறுபத்திரிகை விமர்சனத்திலும் இந்த இரண்டும் உண்டு. பிடிக்காத கவிஞரைப் பற்றி ‘ஒன்றும் படிக்காமல் எழுதுகிறார்’ என்போம். பிடித்த கவிஞர் கிராமத்திலிருந்து வந்தவராக இருந்தால் ‘படிப்பின் வாசனை படாத கவிதை’ என்று கொண்டாடுவோம். நானும் இப்படி எழுதியிருக்கிறேன். பாராட்டுக்குள்ளானவர் ஒருவர் பின்னால் என்னிடம், தான் பதினைந்து வருஷம் நூலகத்தில் உட்கார்ந்து படித்ததைக் கோபமில்லாமல் சொன்னார். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஸாமுவேல் ஜான்ஸன் 1728 அக்டோபரில் ஆக்ஸ்ஃபோர்டில் பெம்ப்ரோக் கல்லூரியில் சேர்ந்தார். அடுத்த வருஷம் டிசம்பரில், பட்டம் வாங்காமலே, பணமில்லாமல் வெளியேறினார். அந்தப் பதிமூன்று மாதத்து ஜான்ஸனைச் சேட்டைக்காரர், பாடத்துக்குப் போகாதவர், கல்லூரி வாசலில் மாணவர்களைக் கூட்டிவைத்துக்கொண்டு அதிகாரிகளைக் கேலி செய்தவர் என்றே அவருடன் இருந்தவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். ஆசிரியர் ஏன் வகுப்புக்கு வரவில்லை என்று கேட்டபோது, பனியில் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தேன் என்று கூசாமல் பதில் சொன்னதை அவரே பிற்காலத்தில் பாஸ்வெலிடம் சொல்லியிருக்கிறார். எந்த வாழ்க்கை வரலாற்றாசிரியருக்கும் ‘அன்ஸ்டூடியஸ்’ என்று எழுதக் கை பரபரக்கும் இடம். ஆனால் அவருடைய அந்தக் குதூகலத்தைப் பற்றி வேறொருவர் சொன்னதைப் பாஸ்வெல் அவரிடம் தெரிவித்தபோது, ஜான்ஸன் அதை மறுத்தார். அவர்கள் உல்லாசம் என்று எடுத்துக்கொண்டது கசப்பு. தான் கொடிய வறுமையில் இருந்ததாகவும் அறிவாலும் பேச்சாலும் சண்டையிட்டுத் தாக்குப்பிடிக்க நினைத்ததாகவும் சொன்னார். விரல் தெரியும் செருப்போடு நடந்தவருக்காக யாரோ வாசலில் ஒரு ஜோடி புதுச் செருப்பு வைத்துவிட்டுப் போக, அதை அவர் தூக்கி எறிந்த கதை எல்லாருக்கும் தெரிந்தது. வகுப்பில் இல்லாத மாணவன் படிப்பில் ஆர்வமில்லாதவன் என்பது பார்க்கிறவரின் ஊகம். செருப்பைப் பார்க்காதவரின் ஊகம். 1755-இல் ஆங்கில மொழிக்கு அகராதி செய்து கொடுத்தது இந்த மனிதர்.

பணமிருந்தால் இதே பெயரடையைச் சட்டைபோலப் போட்டுக்கொண்டு உலவலாம். ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர் குடும்பத்துப் பிள்ளை. எடின்பரோவில் படித்த காலத்தில் வகுப்புக்கு மட்டம் போட்டதை அவரே சந்தோஷமாக எழுதியிருக்கிறார். 1877-இல் சோம்பேறிகளுக்காக வாதாடி ஒரு கட்டுரையும் எழுதினார். படிக்கச் சுகமான கட்டுரை. பிறிதொரு கட்டுரையில், ஊரெல்லாம் தன்னைச் சோம்பேறி என்று சுட்டிக்காட்டியபோதும் தான் தன் சொந்தக் காரியத்தில் ஓயாமல் முனைந்திருந்ததாகவும், அந்தக் காரியம் எழுதக் கற்றுக்கொள்வது என்பதாகவும் சொல்கிறார். எப்போதும் சட்டைப் பையில் இரண்டு புத்தகங்கள் இருக்கும்: வாசிக்க ஒன்று, எழுத ஒன்று. நடந்துகொண்டே பார்த்ததற்குச் சொல் தேடுவார். பிடித்த ஆசிரியர்களின் நடையை வேண்டுமென்றே காப்பியடித்துப் பழகுவார். இதைவிட ‘ஸ்டூடியஸ்’ ஆன இளைஞனைக் காண்பது அரிது. தகப்பனார் மனவருத்தப்பட்டார், வாஸ்தவம். ஆனால் பையன் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரலாம். ஸ்டீவன்ஸனின் கட்டுரையில் எனக்குக் குறையாகப் படுவது இது ஒன்றுதான்: சோம்பல் எவ்வளவு செலவு பிடிக்கும் என்று அதில் கணக்கு இல்லை.

இனி இந்தப் பெயரடை எட்டாத ஒருவர். ஜான் க்ளேர், 1793-இல் நார்தாம்ப்டன்ஷயரில் ஹெல்ப்ஸ்டன் கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் கதிரடிக்கும் கூலியாள். பள்ளிக்கூடம் என்பது வயல் வேலை இல்லாத மாதங்களில் விட்டுவிட்டுப் போனது. பன்னிரண்டு வயதுக்குள் அதுவும் நின்றது. பதிமூன்று வயது வாக்கில் ஒரு நெசவாளியிடம் ஜேம்ஸ் தாம்ஸனின் ‘தி ஸீஸன்ஸ்’ கிழிந்த பிரதி ஒன்றைப் பார்த்து, அந்தப் புத்தகம் வேண்டும் என்று பையனுக்குப் பித்துப் பிடித்தது. வீட்டில் காசு வாங்கிக்கொண்டு ஸ்டாம்ஃபோர்டு நகரத்துக்கு நடந்தான். அன்று ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருந்தது. குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவன், இன்னொரு பையனுக்குக் காசு கொடுத்துத் தன் குதிரைகளை ஒப்படைத்துவிட்டு, ஒரு வேலை நாளில் மறுபடியும் போனான். புத்தகம் கிடைத்தது. திரும்பும் வழியில் பொறுக்க முடியவில்லை, படிக்க வேண்டும். ஆனால் வேலை நாள். சாலையில் படித்தால் யாராவது பார்த்துவிடுவார்கள். பர்லி பிரபுவின் பூங்காச் சுவரில் ஏறி உள்ளே குதித்து, அங்கே உட்கார்ந்து படித்தான். வீடு திரும்பும்போது ஒரு கவிதை செய்தான்.

ஸ்டீவன்ஸன் இரண்டு புத்தகங்களோடு சாலையில் நடந்து சோம்பேறி என்று பெயர் வாங்கினார். க்ளேர் ஒரு புத்தகத்தைப் படிக்க சுவரேறிக் குதிக்க வேண்டியிருந்தது. முன்னவர் படிக்கவில்லை என்பது ஊருக்குக் குறை. பின்னவர் படிக்கிறார் என்பதே குறை. வேலை நாளில் வாசிக்கிற கூலிக்காரப் பையன்தான் அங்கே சோம்பேறி! ஒரே ஊரில், ஒரே மொழியில், ஒருவனுக்குக் கடமையாக இருப்பது இன்னொருவனுக்குத் திருட்டு.

க்ளேர் கவிதைகளைத் துண்டுக் காகிதங்களில் எழுதிச் சுவர்ப் பொந்தில் ஒளித்துவைத்தார். என்னவென்று அறியாத தாயார் அவற்றை அடுப்பு மூட்ட எடுத்துக்கொண்டிருந்தார். பெற்றோருக்கு வாசித்துக் காட்டும்போது வேறு யாரோ எழுதியதாகச் சொல்லிவிடுவார். தன்னுடையது என்றால் சிரித்துவிடுவார்கள். அவர்கள் சொன்ன அபிப்பிராயத்தை வைத்துத் திருத்திக்கொள்வார். இதைவிடக் கறாரான விமர்சனக் கூட்டம் நமக்கு வாய்த்ததில்லை. அந்தத் தகப்பனாருக்கு நூற்றுக்கு மேல் கதைப்பாடல்கள் மனப்பாடம். வள்ளுவர் கல்லாமைக்கு அடுத்த அதிகாரமாகக் கேள்வியை வைத்திருக்கிறார் என்பது இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது.

1820-இல் லண்டனில் அவருடைய முதல் தொகுப்பு வந்தது. பதிப்பித்தவர் ஜான் டெய்லர். கீட்ஸின் பதிப்பாளரும் அவர்தான். தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயருக்குக் கீழே ‘ஒரு நார்தாம்ப்டன்ஷயர் குடியானவர்’ என்று அச்சிட்டிருந்தது. முன்னுரை கவிதைகளைவிட அவருடைய வறுமையை அதிகமாக அறிமுகப்படுத்தியது. லண்டன் சொக்கிப்போனது. அந்த வருஷத்திலேயே மறுபதிப்புகள். பிரபுக்கள் அவரைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். அவர்களைக் கவர்ந்தது இயற்கையாகப் பீறிட்ட, படிப்பால் கெடாத குரல். அதாவது ‘அன்ஸ்டடீட்’. சுவரேறிக் குதித்த பையனின் முழு உழைப்பையும் இந்த ஒரு பாராட்டு அழித்துவிட்டது. இதே மோஸ்தர் 1786-இல் ராபர்ட் பர்ன்ஸுக்கும் நடந்தது. ஹென்றி மெக்கன்ஸி அவரை வானுலகமே கற்பித்த உழவன் என்றார். பர்ன்ஸுக்குக் கற்பித்தவர் வானுலகவாசி இல்லை, ஜான் மர்டாக் என்ற பள்ளி ஆசிரியர். பர்ன்ஸ் கெட்டிக்காரர், கிடைத்த வேஷத்தைப் போட்டுக்கொண்டார். க்ளேருக்கு வேஷம் பொருந்தவில்லை. மோஸ்தர் மாறியதும் லண்டன் அவரை மறந்தது. 1837-இல் மனநோய் விடுதிக்குப் போனார். இடையில் சில மாதங்கள் தவிர 1864-இல் சாகும்வரை விடுதிவாசம்தான். அவர் வைத்திருந்த புத்தகங்கள் நூற்றுக்கணக்கில் இன்றும் நார்தாம்ப்டன் நூலகத்தில் இருக்கின்றன. ‘படிப்பால் கெடாத’ கவிஞரின் புத்தகங்கள்!

இப்போது ஹௌஸ்மனிடம் திரும்பலாம். 1877-இல் ஆக்ஸ்ஃபோர்டு, ஸெயின்ட் ஜான்ஸ் கல்லூரி. 1879-இல் முதல் கட்டத் தேர்வில் முதல் வகுப்பு. 1881-இல் இறுதித் தேர்வில் தோல்வி. சாதாரணத் தோல்வி இல்லை, சில தாள்களில் ஏறக்குறைய ஒன்றுமே எழுதவில்லை. நண்பர் மோஸஸ் ஜாக்ஸன் மேல் கொண்ட, திரும்பக் கிடைக்காத அன்பு, தகப்பனாரின் நோய் என்று காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. அவற்றின் எடை எவ்வளவோ. ஒன்று மட்டும் நிச்சயம்: இறுதித் தேர்வுக்குத் தத்துவமும் புராதன சரித்திரமும் படித்திருக்க வேண்டும், அவர் அந்த வருஷங்களில் ப்ரொபர்ஷியஸ் என்ற லத்தீன் கவிஞனின் பாடபேதங்களில் மூழ்கிக்கிடந்தார். ப்ரொபர்ஷியஸ் பாடத்திட்டத்தில் இல்லை. அதனால் படிக்காதவர் ஆனார்.

1882-லிருந்து பத்து வருஷம் லண்டனில் காப்புரிமை அலுவலகத்தில் குமாஸ்தா. மாலையில் பிரிட்டிஷ் மியூசியம் வாசகசாலை. அங்கிருந்து எழுதிய கட்டுரைகளைக் கொண்டே 1892-இல் லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் லத்தீன் பேராசிரியரானார். விண்ணப்பத்தில் தான் 1881-இல் தோற்றதை ஒளிக்காமல் ஒரு வரியில் சொல்லியிருந்தார். 1911-இல் கேம்பிரிட்ஜ். மானிலியஸ் என்ற, அவரே பெரிதாக மதிக்காத, வானநூல் கவிஞனைப் பதிப்பிக்க 1903-லிருந்து 1930 வரை செலவிட்டார், ஐந்து பாகங்கள். சக பண்டிதர்களின் சோம்பலை அவர் கண்டித்த விதம் பிரசித்தம். இந்த மனிதரைத்தான் நான் மொழிபெயர்த்த குறிப்பு ‘அன்ஸ்டூடியஸ்’ என்றது. ஸ்டூடியம் என்றால் முனைப்பு என்று லத்தீன் தெரிந்த அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருக்கு இது வேடிக்கையாக இருந்திருக்கும்.

ஆனால் வேடிக்கை அவர் பக்கமும் இருக்கிறது. 1896-இல் தன் செலவில் ‘எ ஷ்ராப்ஷைர் லேட்’ தொகுப்பை வெளியிட்டார். நாட்டுப்புறத்துப் பையனின் எளிய குரல். உழவு, பந்தாட்டம், பட்டாளம், தூக்குமேடை. ஹௌஸ்மனோ பக்கத்து வொர்ஸ்டர்ஷைர்காரர், ஷ்ராப்ஷைரை அதிகம் அறியாதவர். நிஜமான நாட்டுப்புறத்துப் பையனான க்ளேர் தன் படிப்பைச் சுவருக்குப் பின்னால் ஒளித்தார். பேராசிரியர் ஒரு பையனின் வாய்க்குள் ஒளித்தார். க்ளேருக்கு ‘அன்ஸ்டடீட்’ என்பது அவரை உள்ளே விடாத பட்டம்; ஹௌஸ்மனுக்கு அது கைவந்த வித்தை.

1933 மே மாதம், கேம்பிரிட்ஜில், கவிதை பற்றி அவர் நிகழ்த்திய பேருரை அன்றைய கல்விமான்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது. கவிதை அறிவைவிட உடம்பைச் சேர்ந்தது என்றார். மதியம் ஒரு குவளை பியர் குடித்துவிட்டு, எதையும் குறிப்பாக யோசிக்காமல் நடக்கப் போவேன், வரிகள் தாமாக வரும் என்றார். நம்மில் பலர் இந்த இடத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம். ‘பார், ஹௌஸ்மனே சொல்லிவிட்டார்.’ அவர் அதோடு நிறுத்தவில்லை. தொகுப்பின் கடைசிக் கவிதையை எடுத்துக்கொண்டு கணக்குச் சொன்னார். நான்கு பத்திகள். இரண்டு, ஹாம்ஸ்டெட் ஹீத்தின் மூலையைக் கடக்கும்போது, அச்சில் இருப்பதுபோலவே தலைக்குள் வந்துவிட்டன. மூன்றாவது தேநீருக்கப்புறம் கொஞ்சம் தாஜா செய்ததில் வந்தது. இன்னொன்று வேண்டியிருந்தது, அது வரவில்லை. உட்கார்ந்து தானே செய்ய வேண்டியதாயிற்று, அது பெரும்பாடு. பதிமூன்று முறை எழுதினார். சரியாக வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எது அந்தப் பத்தி என்று சொல்லவில்லை.

அந்தக் கவிதையை எத்தனையோ தடவை படித்துப் பார்த்துவிட்டேன். எந்தப் பத்தி நடக்கும்போது வந்தது, எது பதிமூன்று முறை எழுதப்பட்டது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. விமர்சகர்கள் ஊகித்திருக்கிறார்கள், ஊகமாகவே இருக்கிறது. படிக்காமல் வந்தது, படித்துச் செய்தது என்ற பேதம் கவிதையில் எங்காவது தெரிய வேண்டுமானால் இங்கே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. ‘அன்ஸ்டடீட்’ என்று நாம் சொல்வது கவிதையில் பார்த்த ஒன்றை அல்ல. கவிஞரின் ஊர், தொழில், சட்டை இவற்றைப் பார்த்துவிட்டுக் கவிதைமேல் போட்டது. ‘அன்ஸ்டூடியஸ்’ என்பதும் அப்படியே. முன்னது தலைப்புப் பக்கத்திலிருந்து வருகிறது. பின்னது மதிப்பெண் பட்டியலிலிருந்து.

சரி, தமிழில் என்ன செய்வது? நம் பேச்சில் இதற்கு இருக்கும் வழி விநோதமானது. ‘அவனுக்குப் படிப்பு வரவில்லை’ என்கிறோம். ‘மண்டையில் ஏறவில்லை’ என்கிறோம். வருவதும் ஏறுவதும் படிப்பின் காரியம். பையன் நாலாம் வேற்றுமையில் சும்மா நிற்கிறான். மழை வரவில்லை என்பதுபோல. ஆங்கிலப் பெயரடை அவன் குணத்தில் ஒட்டவைத்த குற்றத்தை நம் வாக்கியம் ஒட்டவிடுவதில்லை. கருணை என்று சொல்லலாம். ஆனால் இதே கருணையில்தான் ஆசிரியர், பள்ளிக்கூடம், வீட்டு வறுமை எல்லாம் தப்பித்துக்கொள்கின்றன. வராதது படிப்பு. யாரும் பொறுப்பில்லை. ‘படிக்காதவன்’ என்பது இன்னும் மோசம். கிடைக்காதவனையும் கொள்ளாதவனையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது. ஆங்கிலம் அந்த இருவரையும் பிரித்தாவது வைத்திருந்தது, தன் வசதிக்காக என்றாலும்.

‘படியாத’ என்று ஒரு பழைய வடிவம் உண்டு. படிக்காத என்பதற்கு அது இலக்கண சுத்தமான எதிர்மறை. கூடவே படிதல் என்ற இன்னொரு வினையின் எதிர்மறையும் அதுவே. வண்டல் படிகிறது, வாரிய தலைமயிர் படியவில்லை, பேரம் படியவில்லை, சொன்ன பேச்சுக்குப் படியமாட்டான். ‘படியாத மாணவர்’ என்றால் படிக்காதவர், அடங்காதவர் இரண்டும் ஆயிற்று. பனியில் சறுக்கிய ஜான்ஸனுக்கு இது பொருந்தும். தாள்களை வெறுமனே கொடுத்துவிட்டு வந்த ஹௌஸ்மனுக்கும் பொருந்தும். க்ளேருக்குமே ஒருவகையில் பொருந்தும்: பதிப்பாளர் நிறுத்தக்குறிகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது, படிப்பில் இலக்கணம் என்பது அரசாங்கத்தில் கொடுங்கோன்மை மாதிரி என்று 1822-இல் அவருக்கே எழுதியவர் அவர். விடை கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஒரு நாள்தான். ஆங்கிலக் குறிப்பை எழுதியவர் அடங்காமையை நினைக்கவே இல்லை. அவர் நினைத்தது வெறும் மதிப்பெண். நான் என் ஹௌஸ்மனை அவருடைய வாக்கியத்துக்குள் கடத்திக்கொண்டு போகிறேன்.

இருந்தாலும் கடைசியில், ‘பாடத்தை விட்டுவிட்டு ப்ரொபர்ஷியஸைப் படித்துக்கொண்டிருந்த மாணவர்’ என்று நீட்டி எழுதி அனுப்பினேன். இந்த முறை ஓரத்தில் கேள்விக்குறி இல்லை. ‘இது மொழிபெயர்ப்பு இல்லை, மறுப்பு. மறுப்பைத் தனியாக எழுதவும்’ என்று எழுதியிருந்தார். குறிப்பிலிருந்து அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டோம். மற்றது அச்சுக்குப் போயிற்று.